லாரி டிரைவரின் வேலை நேரத்தை எதில் எழுதுவது: டிரிப் ஷீட்டா, ஜிபிஎஸ்ஸா, டாகோகிராஃபா, கட்டத் தாளா?

எங்களிடம் நான்கு லாரிகள் இருக்கின்றன. வண்டிகளை நிறுத்தும் செட் மதுரை ரிங் ரோட்டில். தூத்துக்குடி துறைமுகம், சென்னை, பெங்களூரு என்று மூன்று தடங்களில்தான் பெரும்பாலும் ஓட்டம். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, டீசல் எத்தனை லிட்டர், டோலுக்கு எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்ற கணக்கெல்லாம் எங்கள் ஆபீசில் பைசா சுத்தமாக இருக்கும். டிரைவர் எத்தனை மணி நேரம் கண் விழித்திருந்தார் என்ற கணக்கு மட்டும் எங்களிடம் இருந்ததே இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

பெங்களூருவிலிருந்து திரும்பிய எங்கள் வண்டி ஒன்று, விடிகாலை நாலு மணி வாக்கில், கோடை ரோடு டோல்கேட்டைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் நடுத்திட்டில் ஏறி நின்றது. எதிரே யாரும் வரவில்லை. டிரைவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். டிரிப் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். "பெங்களூரு ஹால்ட் 11 மணி நேரம்" என்று இருந்தது. பதினோரு மணி நேரம் ஓய்வெடுத்தவருக்கு எப்படித் தூக்கம் வந்தது என்று குழம்பிப்போய், ஆஸ்பத்திரியில் அவரிடமே கேட்டேன்.

"ஹால்ட்டா? கோடவுன் வாசல்ல வரிசையில நின்னேன் தம்பி. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ வண்டிய முன்னாடி நகத்தணும். நகத்தலைன்னா பின்னால நிக்கிறவன் ஆரன் அடிப்பான். எங்கிட்டுத் தூங்குறது?"

அந்தப் பதினோரு மணி நேரத்தை ஓய்வு என்று எடுத்துக்கொண்டு, சரக்கு இறங்கிய கையோடு யஷ்வந்தபூர் மார்க்கெட்டில் வெங்காயம் ஏற்றச் சொன்னது நான்தான். அதற்குப் பிறகுதான் வேலை நேரத்தை எழுதி வைக்க என்னென்ன வழி இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். நாலைந்து மாதம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்களைப் போல இரண்டு வண்டி, ஐந்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் என் மச்சினன் சொன்ன கதை. அவன் லித்துவேனியாவில் ஒரு கம்பெனியில் டிரெய்லர் ஓட்டுகிறான். ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக லாரிகளில் டாகோகிராஃப் கட்டாயம், அதாவது டிரைவர் ஓட்டிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் பதியும் ஒரு பெட்டி. ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். அதை முதலில் 15, அப்புறம் 30 என்று பிரித்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு. இதெல்லாம் 2006-ஆம் ஆண்டு விதி. ஒரு வாராந்திர ஓய்வுக்கும் அடுத்த வாராந்திர ஓய்வுக்கும் நடுவில் மூன்று தடவை மட்டும் அந்த 11-ஐ 9 ஆகக் குறைத்துக்கொள்ளலாம்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த மணிக்கணக்கு அல்ல, அந்தப் பெட்டியின் ஒரு குணம். அதில் நான்கு குறிகள் உண்டு. ஸ்டியரிங் என்றால் ஓட்டம். குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் என்றால் மற்ற வேலை. குறுக்கே ஒரு கோடு போட்ட சதுரம் என்றால் காத்திருப்பு. கட்டில் என்றால் ஓய்வு. வண்டி உருண்டால் தானாக ஸ்டியரிங் வந்துவிடும். வண்டி நின்றால் தானாக வருவது சுத்தியல், கட்டில் வராது. கட்டிலுக்கு மாற்ற வேண்டுமென்றால் டிரைவரே பட்டனை அழுத்த வேண்டும். அதாவது, நின்ற வண்டியில் இருக்கும் ஆள் வேலைதான் செய்கிறான் என்று பெட்டி எடுத்துக்கொள்கிறது. நம் டிரிப் ஷீட்டிலோ நின்றாலே ஹால்ட். மச்சினன் இதைச் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காத்திருப்புக்கும் அங்கே ஒரு கண்டிப்பு இருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் அதைக் காத்திருப்பு என்று போடலாம். எப்போது கூப்பிடுவார்கள் என்றே தெரியாமல் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பது வேலைக் கணக்கில் போகும்.

கையால் எழுதும் பகுதி அதற்கு அப்புறம் வருகிறது. ஒவ்வொரு டிரைவருக்கும் தன் பெயரில் ஒரு கார்டு உண்டு, அதைப் பெட்டியில் செருகித்தான் ஓட்டுவார், வண்டியை விட்டுப் போகும்போது உருவிக்கொள்வார். திங்கட்கிழமை திரும்ப வந்து செருகினால், கடைசியாகக் கார்டை எடுத்த நேரத்தைக் காட்டி, நடுவில் என்ன செய்தாய், சேர்க்கிறாயா என்று பெட்டி கேட்கும். ஞாயிறு முழுக்கக் கட்டில், திங்கள் காலை 6:00 முதல் 6:20 வரை டயர், விளக்கு பார்த்தது சுத்தியல் என்று அவன் ஒவ்வொன்றாகச் சேர்ப்பான். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் அந்த இடைவெளி கேள்விக்குறியாக நின்றுவிடும். சோதனைக்கு நிறுத்தும் அதிகாரி முதலில் தேடுவதே அந்தக் கேள்விக்குறியைத்தான் என்று மச்சினன் சொல்கிறான். கார்டு பழுதானால் பயணம் தொடங்கும்போதும் முடியும்போதும் பெட்டியிலிருந்து சீட்டு எடுத்து, பெயர், கார்டு எண் அல்லது லைசென்ஸ் எண், பெட்டியில் பதியாத வேலை நேரம் எல்லாவற்றையும் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி 15 நாள் வரை ஓட்டலாம். இவ்வளவு விலை கொடுத்துப் பெட்டி மாட்டிய ஊரிலேயே கடைசியில் பேனாதான் வேண்டியிருக்கிறது. சக்கரம் சுற்றியதைப் பெட்டி தானாக அறியும். சக்கரம் நின்ற பிறகு ஆள் என்ன செய்தான் என்பதை அந்த ஆள் சொன்னால்தான் உண்டு.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர் வழிகளைப் பார்ப்போம்.

டிரிப் ஷீட்டுக்கு ஒரு பெரிய பலம், எல்லோருக்கும் அது பழகியது. புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அது வண்டியின் கதையைச் சொல்லும் தாள். கிளம்பிய இடம், சேர்ந்த இடம், மீட்டர் ரீடிங், செலவு அவ்வளவுதான். ஆளின் நேரத்துக்கு அதில் இடமே இல்லை. ஓரத்தில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். "நேத்து ராத்திரி 1 மணிக்குக் கரூர்" என்று எழுதுவார்கள். நேற்று என்றால் எந்தத் தேதி? நள்ளிரவு தாண்டிய ஒரு மணி நம் பேச்சில் முந்தைய நாள் ராத்திரிதான், காலண்டரில் மறுநாள். இரண்டு நாள் ஓட்டத்தைக் கூட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வந்தது. ஐரோப்பிய டிஜிட்டல் பெட்டிகள் நாட்டுக்கு நாடு நேரம் மாறும் குழப்பம் வராமல் உள்ளே எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. மச்சினன் குளிர்காலத்தில் காலை 7 மணிக்குக் கிளம்பினால் சீட்டில் 5 என்றுதான் வரும், ஆரம்பத்தில் அவனே மிரண்டுபோனானாம். நமக்கு அவ்வளவு தேவையில்லை, ரயில்வே நேரமே போதும். அதைக் கட்டாயமாக்கினேன். அதற்குப் பிறகும் பெரும்பாலான டிரைவர்கள் மூன்று நாள் நேரத்தையும் செட்டுக்கு வந்து, டீ குடித்துக்கொண்டே ஒரே மூச்சில் எழுதினார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லாம் முழு மணியாக. அப்படி எழுதியது உண்மையாக இருக்க வழியே இல்லை.

அடுத்தது ஜிபிஎஸ். எங்கள் வண்டிகளில் ஏற்கெனவே மாட்டியிருந்தது, மாத வாடகையும் கட்டிக்கொண்டிருந்தோம். வேகம், இடம், இன்ஜின் ஓடிய நேரம் எல்லாம் போனிலேயே தெரியும். யாரும் திருத்த முடியாது. இதுவே போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் உட்கார்ந்து ஒரு ட்ரிப்பை முழுதாகப் பிரித்துப் பார்த்த பிறகு மனம் மாறியது. அந்த ட்ரிப்பை அப்படியே தருகிறேன்.

கப்பலூரில் லோடு. டிரைவர் காலை 6 மணிக்கு வீட்டில் எழுந்தவர். 14:00 முதல் 18:30 வரை ஏற்றுக்கூலிக்காரர்களோடு கூடவே நின்று எண்ணிக்கை பார்த்து, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டினார். 18:30 முதல் 20:00 வரை பில்லுக்குக் காத்திருப்பு. 20:00-க்குக் கிளம்பி 23:45 வரை ஓட்டம். அரை மணி சாப்பாடு. 00:15-க்கு மறுபடி ஏறியவர் சேலம், தொப்பூர், கிருஷ்ணகிரி வழியாக 05:30-க்குப் பெங்களூரு சேர்ந்தார்.

ஜிபிஎஸ் ரிப்போர்ட்டில் ஓட்டம் 9 மணி நேரம் என்று வந்தது. ஐரோப்பிய விதியின் ஒரு நாள் கணக்குக்குள்ளேயே அடங்குகிறது. ஆனால் லோடு ஏற்றிய நாலரை மணியைச் சேர்த்தால் வேலை பதின்மூன்றரை மணி நேரம். எழுந்ததிலிருந்து எண்ணினால் இருபத்து மூன்றரை மணி நேரமாக அந்த மனிதர் படுக்கவில்லை. தொப்பூர் கணவாயை, உடம்பு தூக்கத்துக்கு ஏங்குகிற பின்னிரவு நேரத்தில், லோடு வண்டியோடு கடந்திருக்கிறார். ரிப்போர்ட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. இப்படிப்பட்ட ரிப்போர்ட் இல்லாமல் இருப்பதே மேல் என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் அது முதலாளியை நிம்மதியாகத் தூங்க வைத்துவிடுகிறது. இரண்டு டிரைவர் போகும் வண்டியில் இன்னும் மோசம். யார் ஓட்டினார், யார் பின்னால் படுத்திருந்தார் என்று அதற்குத் தெரியாது.

லோடு ஏற்றுவதும் வேலைதான் என்பது ஐரோப்பாக்காரன் கண்டுபிடித்தது இல்லை. நம் நாட்டின் 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், சரக்கை ஏற்றி இறக்குவது, வண்டியைப் பராமரிப்பது, கணக்கு ஒப்படைப்பது ஆகியவற்றைத் துணை வேலை என்று பெயர் சொல்லி வேலை நேரத்தில் சேர்த்தது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொலைதூர ஓட்டம் போன்றவற்றுக்கு 10, 54 வரை அனுமதி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேரம் விட வேண்டும். அந்தச் சட்டம் பிறகு 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. இருந்தாலும் இந்த எண்களை இப்போதும் என் மேஜைக்கு மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். மேலே சொன்ன ட்ரிப்பில் 00:15 முதல் 05:30 வரை நிற்காமல் ஓடிய ஓட்டமே ஐந்து மணியைத் தாண்டிவிட்டது.

டாகோகிராஃபையே வாங்கி மாட்டினால் என்ன என்றும் விசாரித்தேன். பழைய வகை ஒன்று உண்டு. மெழுகு பூசிய வட்டத் தாளில், 24 மணி நேரத்துக்கு, மூன்று ஊசிகள் வேகம், தூரம், வேலை வகை மூன்றையும் கீறிக்கொண்டே போகும். நடுவில் டிரைவர் பெயர், தேதி, ஊர், வண்டி எண், மீட்டர் ரீடிங் எல்லாம் கையெழுத்து. வண்டியில் இல்லாத நேரத்தைத் தாளின் பின்பக்கம் எழுத வேண்டும். ஐரோப்பாவில் 2006 மே 1-க்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு டிஜிட்டல்தான் விதி. வட்டத் தாளின் அழகில் எனக்கு ஆசை வந்தது நிஜம், ஒரு மனிதனின் ஒரு நாள் முழுக்க ஒரு உள்ளங்கைத் தாளில் தெரிகிறது. ஆனால் அந்தப் பெட்டியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதித்து அளவு சரிபார்க்க வேண்டும், அதற்கென்று அங்கீகாரம் பெற்ற பட்டறைகள் அங்கே இருக்கின்றன. மதுரையில் நான் யாரிடம் கொண்டுபோவேன்? அளவு தப்பிய கருவி சொல்வதை நம்பி ஒரு ஆளின் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விட்டுவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பச் சொன்னது என் மகள் யோசனை. "லோடு ஏத்த ஆரம்பிச்சாச்சு", "கரூர் தாண்டி நிப்பாட்டிருக்கேன், சாப்பாடு" என்று ஒரு குரூப்பில் போட வேண்டும், அவ்வளவுதான். எழுதத் தயங்கும் டிரைவர்களுக்கு இது வரப்பிரசாதம். நேரம் தானாகப் பதிகிறது, பின்னால் மாற்ற முடியாது. முதல் வாரம் எல்லோரும் உற்சாகமாகப் போட்டார்கள். இரண்டு காரணத்துக்காக இதை முதன்மை வழியாக வைக்கவில்லை. ஒன்று, முப்பது குரல் செய்தியைக் கேட்டுக் கூட்டல் போட எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆனது. இரண்டாவதுதான் முக்கியம். ஒரு செய்தியைக் கேட்கும்போது பின்னால் இன்ஜின் நாலாவது கியரில் இரைந்துகொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டே பேசியிருக்கிறார். விபத்தைத் தடுக்க வைத்த ஏற்பாடு விபத்துக்கு வழி செய்யக் கூடாது.

கடைசியாக வந்து சேர்ந்தது கட்டத் தாள். அமெரிக்காவில் டிரைவர்கள் ரொம்ப காலமாகக் கையால் நிரப்பி வந்த முறை இது. அங்கே 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலோருக்கு மின்னணுப் பதிவு கட்டாயமாகிவிட்டது, ஆனால் கருவி பழுதானால் இன்றும் எட்டு நாள் வரை இந்தத் தாளுக்குத்தான் திரும்புகிறார்கள். குறுக்கே 24 மணி, ஒவ்வொரு மணியும் நான்கு கால் மணியாகப் பிரித்திருக்கும். நெடுக்கே நான்கு வரிசை. எந்த வேலையில் இருக்கிறாரோ அந்த வரிசையில் கோடு இழுக்க வேண்டும், மாறும்போது கோடு மேலே ஏறியோ கீழே இறங்கியோ அடுத்த வரிசைக்குப் போகும். எழுத்து ரொம்பக் குறைவு. பள்ளிக்கூடம் அதிகம் போகாத எங்கள் டிரைவர் ஒருவர்தான் இதை முதலில் பிடித்துக்கொண்டார். "இசிஜி மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

அமெரிக்கத் தாளில் உள்ள வரிசைகளை அப்படியே எடுக்காமல், மச்சினனின் நான்கு குறிகளையே தமிழில் போட்டேன்: ஓட்டம், வேலை, காத்திருப்பு, ஓய்வு. ஐரோப்பியப் பெட்டியின் குணத்தையும் கொண்டுவந்தேன். வண்டி நின்றால் கோடு வேலை வரிசைக்குத்தான் வர வேண்டும். ஓய்வு வரிசைக்குப் போக வேண்டுமானால் இன்ஜின் அணைந்து, யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்து, படுக்கவோ சாப்பிடவோ போயிருக்க வேண்டும். வரிசையில் நகர்ந்துகொண்டிருப்பது ஓய்வே கிடையாது. கோட்டில் இடைவெளி விடக் கூடாது. தப்பாகிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், மேலேயே கிறுக்கக் கூடாது. நேரம் மீறினால் பின்பக்கம் காரணம் ஒரு வரி. வண்டி நின்ற பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். ஆளுக்கு ஒரு தாள், வண்டிக்கு அல்ல.

இதற்கும் பலவீனம் உண்டு. பொய்க் கோடு போட ஒரு நிமிடம் போதும். அங்கேதான் ஜிபிஎஸ்ஸும் ஃபாஸ்டேக் செய்திகளும் கைகொடுக்கின்றன. வேலஞ்செட்டியூர், ராசம்பாளையம், ஓமலூர் என்று ஒவ்வொரு டோல்கேட்டைத் தாண்டும்போதும் நேரத்தோடு எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது. தாளில் ஓய்வு என்று இருக்கும் நேரத்தில் டோல் செய்தி வந்திருந்தால் அங்கே பேச வேண்டியிருக்கிறது. ஒரு தாளைச் சரிபார்க்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.

ஆனால் பொய் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் டிரைவர்கள் காத்திருந்த நேரத்தையெல்லாம் ஓய்வாகவே காட்டினார்கள். ஏன் என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அந்த மூத்தவர்தான், கால் கட்டோடு செட்டுக்கு வந்து உட்கார்ந்து, எடுத்துச் சொன்னார். வேலை நேரம் கூடினால் அடுத்த லோடு வேறு ஆளுக்குப் போய்விடும், லோடு போனால் பேட்டா போய்விடும், வீட்டில் என்ன சொல்வது? நியாயம்தானே. கோடவுன் வாசலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் தனிக் காசு என்று அறிவித்தேன். நேரம் முடிந்து ஓய்வில் வைத்தாலும் அன்றைய பேட்டாவில் பாதி உண்டு என்றும் சொன்னேன். அடுத்த வாரமே காத்திருப்பு வரிசையிலும் வேலை வரிசையிலும் கோடுகள் நீளமாக வர ஆரம்பித்தன. கைக்காசு போகிறது, மறைக்கவில்லை. அந்த நீளக் கோடுகளைக் காட்டித்தான் இப்போது சரக்குக்காரர்களிடம் நிறுத்தி வைத்த நேரத்துக்குக் காசு கேட்கிறேன். சிலர் தருகிறார்கள்.

எல்லோருக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவருக்கு இன்னொருவர் சரிபார்க்கத் தேவையில்லை, ஆனாலும் கட்டத் தாள் நல்லது, தன் கோட்டைத் தானே பார்க்கும்போது உறைக்கும். பரவை மார்க்கெட்டுக்கும் மாட்டுத்தாவணிக்கும் உள்ளூரில் ஓடும் சின்ன வண்டிகளுக்குக் கால் மணிக்கு ஒரு கோடு போடுவது தொல்லை, அவர்களுக்குத் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் போதும். இருபது, முப்பது வண்டிக்கு மேல் இருந்தால் தாளைப் படிக்கவே ஒரு ஆள் வேண்டும், அங்கே போன் செயலியில் இதே நான்கு பட்டன் வைப்பதுதான் சரி. எப்படிச் செய்தாலும் நின்ற வண்டியை ஓய்வு என்று தானாகக் காட்டும் செயலியை மட்டும் எடுக்காதீர்கள்.

எங்கள் தாள் ஏ4 அளவு, ஒரு பக்கம் ஜெராக்ஸ். கனமான அட்டையில் கிளிப் வைத்து, கேபினில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம், ஓட்டும்போது கை எட்டாத இடத்தில். முந்தைய ஏழு நாள் தாள்களும் அதே கிளிப்பில் இருக்கும். லோடு கேட்டுப் போன் வந்தால், நேற்றைய கோடு எங்கே முடிந்தது என்று டிரைவரைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். கிளீனர் பையன்களுக்கு இன்னும் தாள் கொடுக்கவில்லை. தார்ப்பாய் கட்டுவதும், ராத்திரி முழுக்க டிரைவர் கண்ணயராமல் பேச்சுக் கொடுப்பதும் அவர்கள்தான். அடுத்த கட்டு அடிக்கும்போது அவர்களுக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.